இரைச்சலுக்கு நடுவே பேச்சு: காக்ளியர் இம்பிளான்ட் கேள்வி பதில்

பதிலளிப்பவர்: செவித்திறன் வல்லுநர்

வீட்டில் எதிரே உட்கார்ந்து பேசினால் எல்லாம் புரிகிறது. கல்யாண மண்டபத்தில் ஒரு சொல்கூடப் பிடிபடுவதில்லை. "கவனித்துக் கேளுங்கள் அப்பா" என்கிறான் மகன். குறை என் கவனத்தில்தானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

இல்லை ஐயா. இந்தப் பதிலை மகனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இயல்பான உட்செவியில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் மயிரணுக்கள் சுமார் 3,500. காக்ளியர் இம்பிளான்ட் என்பது அறுவை சிகிச்சையில் உட்செவிக்குள் பொருத்தி, கேட்கும் நரம்பை மின்னோட்டத்தால் தூண்டும் கருவி. மயிரணுக்களின் வேலையை உங்கள் காதில் அதன் 12 முதல் 22 எலெக்ட்ரோடுகள் (மின்முனைகள்) செய்கின்றன. மின்னோட்டம் பக்கவாட்டில் பரவுவதால் அவையும் முழுமையாகத் தனித்தனியே இயங்குவதில்லை. உண்மையில் பயன்படும் தடங்கள் பலருக்கும் எட்டுக்குப் பக்கமாகவே தேறும். அமைதியான அறையில் பேச்சைப் புரிந்துகொள்ள அது தாராளம். இரைச்சலில் போதாது. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது ஒரு குரலை மட்டும் பிரித்தெடுக்கச் சுருதி வேறுபாடு வேண்டும். அந்த நுணுக்கம்தான் கருவி வழியாக மிகக் குறைவாகப் போய்ச் சேருகிறது. நாதஸ்வரமும் மாமாவின் குரலும் கலந்து ஒரே ஒலியாக வருவது அதனால்தான். காதுக்கு வந்தே சேராததை எவ்வளவு கவனித்தாலும் கேட்க முடியாது. ஆகவே உங்களைத் திருத்த வேண்டியதில்லை; ஒலியைத்தான் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். மண்டப வாசலுக்கு வெளியே அழைத்துப்போய்ப் பேசச் சொல்லுங்கள். அப்படிக் கேட்க நீங்கள் தயங்கவே கூடாது.

மகள் மூன்றாம் வகுப்பு. மின்விசிறிச் சத்தத்தில் டீச்சர் சொல்வது பாதிதான் விளங்குகிறதாம். முதல் வரிசையில் உட்கார வைத்தால் போதுமா?

உதவும், ஆனால் போதாது அம்மா. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் குரலின் அளவு 6 டெசிபல் குறையும். வகுப்பறையிலோ வெற்றுச் சுவரும் டைல்ஸ் தரையும் எதிரொலியையும் சேர்த்துவிடுகின்றன. இதற்குச் சரியான வழி ஒயர்லெஸ் மைக். டீச்சர் அதை வாயிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டிக்கொண்டால் குரல் நேராகக் குழந்தையின் ப்ராசஸருக்கு (ஒலியை வாங்கி இம்பிளான்டுக்கு அனுப்பும், வெளியே அணியும் பகுதி) போகும். கழுத்துச் சங்கிலி மைக்கில் உரசாமல் பார்க்கச் சொல்லுங்கள். உரசினால் பாடத்துக்குப் பதில் கரகரப்புதான் கேட்கும். மற்றப் பிள்ளைகள் பதில் சொல்லும்போது மைக் அவர்கள் கைக்குப் போக வேண்டும். பள்ளிகள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

ஹோட்டலில் வால்யூமைக் கூட்டினால் புரியுமா?

புரியாது. இரைச்சலும் சேர்ந்து கூடும். உங்கள் ப்ராசஸரில் முன்பக்க ஒலிக்கு முதலிடம் தரும் புரோகிராம் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். சமையலறைக்கும் கல்லாவுக்கும் முதுகு காட்டி உட்காருங்கள். எதிரே இருப்பவர் முகத்தில் வெளிச்சம் விழட்டும். உதட்டசைவு தரும் உதவி பெரிது.

மறு காதில் கொஞ்சம் கேட்கிறது. அந்தக் காதில் போட்டிருக்கும் சாதாரணக் காது கேட்கும் கருவியைக் கழற்றிவிடலாமா?

வேண்டாம். இம்பிளான்ட் சரியாகத் தராத கீழ்ச்சுருதியை அந்தக் காது தருகிறது. இரண்டும் சேரும்போது இரைச்சலில் பேச்சைப் பிரிப்பது பலருக்கும் எளிதாகிறது.

முன்பு சமாளித்தேன். சில வாரங்களாக டீக்கடையில்கூட ஒன்றும் புரியவில்லை. மேப்பிங்கை (எலெக்ட்ரோடுகளின் மின்னோட்ட அளவு அமைப்பை) மாற்ற வேண்டுமா?

முதலில் ப்ராசஸரில் உள்ள மைக்கின் உறையைப் பாருங்கள். வியர்வையும் தூசியும் அடைத்தால் முன்திசைக் கேட்புத்திறன்தான் முதலில் கெடும். உறையை மாற்றி, இரவில் ப்ராசஸரை உலர்பெட்டியில் வையுங்கள். பிறகு வீட்டில் ஒருவரை உங்கள் பின்னால் நின்று ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என ஆறு ஒலிகளையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். எது தவறுகிறது என்று குறித்துக்கொண்டு உங்கள் மையத்துக்குப் போங்கள். மேப்பிங்கில் எங்கே கைவைக்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பு அவர்களுக்குச் சொல்லும்.