ஃபைனல் ஃபேண்டஸியை எந்த எண்ணிலிருந்து தொடங்குவது?

கேள்வி: மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. தஞ்சாவூரில் படித்தபோது அறைத் தோழனின் பிளேஸ்டேஷனில் ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீமேக் ஆடினேன், ரொம்பப் பிடித்துப்போனது. இப்போது ஊரில் அப்பாவோடு வயல் வேலை. இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் தள்ளுபடி வந்தபோது 6-ஐயும் 10-ஐயும் வாங்கிவிட்டேன். பத்தின் வீடியோவைப் பார்த்தால் எல்லாரும் வரிசையில் நின்று தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். 16-இன் வீடியோவில் வாளைச் சுழற்றிக்கொண்டு பறக்கிறார்கள். இரண்டும் ஒரே தொடரா? 1-இலிருந்து வரிசையாக ஆட வேண்டுமா? மாமா மகன் ‘பழையதுதான் அசல், புதுசெல்லாம் கெட்டுப்போச்சு’ என்கிறான். என்னிடம் இருப்பது ஐ3 டெஸ்க்டாப், 8 ஜிபி ராம், கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. டேட்டா நாளுக்கு 2 ஜிபி. யுபிஎஸ் கிடையாது, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆங்கிலம் படித்தால் புரியும், வேகமாகப் பேசினால் விட்டுவிடுவேன்.

பதில்: வரிசை தேவையில்லை. கையில் இருக்கும் 10-ஐ ஆடுங்கள், அதை முடித்துவிட்டு 6. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

மெலட்டூர் பாகவத மேளா உங்கள் பக்கத்துச் சமாசாரம்தான். ஓர் இரவு பிரகலாதன் கதை, இன்னோர் இரவு அரிச்சந்திரன் கதை. ஒன்றைப் பார்க்காதவருக்கு மற்றது புரியாமல் போவதில்லை. ஆனால் எந்த நாடகமானாலும் முதலில் கோணங்கி வருவான், பிள்ளையார் வேடம் வரும். இந்தத் தொடரும் அப்படித்தான். எண் மாறினால் உலகம் புதிது, ஆட்கள் புதிது, கதை புதிது. தொடர்ந்து வருவது சில முகங்கள் மட்டும்: ஏறிப் போகிற மஞ்சள் பறவை சோக்கோபோ, சிட் என்ற பெயரில் யாராவது ஒருவர் (இருவரும் 1988-இல் வந்த 2-ஆம் பாகத்திலிருந்து உண்டு), அழைத்தால் வந்து அடித்துவிட்டுப் போகும் இஃப்ரிட், பஹமுட், ஷிவா. ஷிவா பனியை வீசும் பெண். சிவன் கோயில்கள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு அவளைப் பார்க்கும்போது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும், பழகிவிடும்.

விதிவிலக்குகளை மட்டும் நினைவில் வையுங்கள். 10-ஐ முடித்த பிறகே 10-2. 13-க்கு இரண்டு தொடர்ச்சிகள் இருக்கின்றன, அவற்றைத் தனியாக எடுத்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. 1997-இன் 7-ஐப் புதிதாகச் செய்ததுதான் நீங்கள் ஆடிய 7 ரீமேக்; அதன் அடுத்த பகுதி 2024-இல் வந்த ரீபர்த். அப்புறம் ஓர் எண் குழப்பம்: அந்தக் காலத்தில் 2, 3, 5 மூன்றும் அமெரிக்காவுக்குப் போகவில்லை. அதனால் அங்கே 4-ஐ ‘2’ என்றும், 6-ஐ ‘3’ என்றும் விற்றார்கள். பழைய வீடியோ எதிலாவது ‘3-தான் தலைசிறந்தது’ என்று ஓர் அமெரிக்கர் உருகினால், பெரும்பாலும் அவர் சொல்வது நீங்கள் வாங்கி வைத்திருக்கும் 6-ஐ.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. சண்டை ஏன் இப்படி மாறிப்போனது? கிராஃபிக்ஸை ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நீங்கள் யோசிக்கும்போது எதிரி காத்திருக்கிறானா, இல்லையா? ஒவ்வொரு பாகமும் இதற்கு வேறு விடை சொல்கிறது. மற்ற மாற்றங்களில் பாதி இதிலிருந்து கிளைத்தவைதான்.

1987 டிசம்பரில் ஹிரோனோபு சகாகுச்சியின் குழு முதல் பாகத்தைக் கொண்டுவந்தபோது எதிரி முழுக்கக் காத்திருந்தான். நான்கு பேருக்கும் கட்டளை கொடுத்து முடித்த பிறகுதான் அடிதடி தொடங்கும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இருவரை ஒரே எதிரிமேல் ஏவிவிட்டு, முதல் ஆள் அவனைக் கொன்றுவிட்டால், இரண்டாவது ஆள் வெறும் காற்றை வெட்டுவான்.

1991-இல் 4-ஆம் பாகத்துக்கு ஹிரோயுகி இடோ ஒரு புது ஏற்பாடு செய்தார். கார் பந்தயம் பார்த்தபோது தோன்றிய யோசனையாம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கடிகாரம் ஓடும். வேகமானவனுக்குச் சீக்கிரம் நிரம்பும், தடித்த கவசக்காரனுக்கு மெதுவாக. நிரம்பியவன் அடிக்கலாம். நீங்கள் மெனுவில் மருந்தைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் எதிரியின் கடிகாரமும் ஓடும். இதன் பெயர் ஏடிபி. 9-ஆம் பாகம் வரை இதுதான் தொடரின் உயிர்நாடி. அதாவது உங்கள் மாமா மகன் ‘அசல்’ என்று கொண்டாடும் காலத்திலேயே எதிரி காத்திருப்பதை நிறுத்திவிட்டான். பரபரப்பு 16-இல் திடீரென்று முளைத்ததல்ல.

2001-இல் 10 வந்தபோது ஏடிபியைத் தூக்கிக் கடாசினார்கள். கடிகாரம் நின்றது. அடுத்து யார், அதற்கடுத்து யார் என்ற பட்டியல் திரையோரத்தில் தெரியும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் செயலைப் பொறுத்து அந்தப் பட்டியலும் நகரும். எழுந்து போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்தாலும் எதிரி அப்படியே நிற்பான். நீங்கள் கண்ட அந்த ‘வரிசையில் நிற்பது’ பழமை மிச்சம் என்று நினைத்தீர்கள் இல்லையா? அப்போது அது புது ஏற்பாடு. சண்டைக்கு நடுவிலேயே ஆளை மாற்றலாம். பறக்கும் எதிரிக்கு பந்தை வீசும் வாக்கா, ஓடு தடித்தவனுக்கு ஆரான், தண்ணீரில் பிறந்ததற்கு மின்னல் வீசும் லுலு. தவறான ஆளை அனுப்பினால் அடி வழுக்கிப் போகும், சரியான ஆள் என்றால் ஒரே போடு. என்னைக் கேட்டால், இந்தத் தொடரில் முறை வைத்து ஆடும் சண்டை இதைவிடச் சுத்தமாக அமைந்ததில்லை.

2006-இல் வந்த 12 இன்னொரு திசையில் போனது. தனிச் சண்டைத் திரையே இல்லை; நடந்துபோகும் வெளியிலேயே சண்டை. கூட வருபவர்களுக்கு ‘நம் ஆளின் உயிர் பாதிக்குக் கீழே போனால் வைத்தியம் செய்’ என்பதுபோல் முன்கூட்டியே விதி எழுதிவைக்கலாம். விதிகளைச் சரியாக அடுக்கிவிட்டால் சண்டை தானே நடக்கும். சிலருக்கு அது சலிப்பு, எனக்கு அது கொள்ளை இன்பம். 2009-இன் 13 மறுபடி வேகம் பிடித்தது. ஒருவரை மட்டும் நீங்கள் இயக்க, மற்றவர்களுக்கு என்ன வேலை என்பதை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும். எதிரியைத் திணறடித்து நிலைகுலைய வைத்தால் சேதம் எகிறுகிற முறை அதில் வந்தது. 2016-இன் 15-இல் பொத்தானை அழுத்தினால் வாள் வீச்சு, நேரடி ஆக்‌ஷன். 2023-இன் 16-க்குச் சண்டையை வடிவமைத்த ரியோட்டா சுசுகி, வேகமான ஆக்‌ஷன் கேமான டெவில் மே க்ரை 5-இல் வேலை செய்தவர். வீடியோவில் அவர்கள் ஏன் பறக்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

உங்களுக்குப் பிடித்த 7 ரீமேக்கை இந்த வெளிச்சத்தில் திரும்பிப் பாருங்கள். அடிக்க அடிக்க நிரம்பிய அந்தப் பட்டை 1991-இன் ஏடிபி. எதிரி நிலைகுலைவது 13-இலிருந்து வந்தது. ஓடிப்போய் வெட்டுவது 15-க்கு நெருங்கிய உறவு. பட்டை நிரம்பி மெனுவைத் திறந்ததும் உலகம் ஏறக்குறைய நின்றுவிடும், அந்த நிதானம் 10-ஐ நினைவூட்டும். பழசு, புதுசு என்று கோடு கிழித்தால் இந்த கேமை எந்தப் பக்கத்தில் வைப்பது?

ஏன் ஒரே முறையில் நிலைக்கவில்லை என்றால், பாதிக் காரணம் இயந்திரம். 6 வரை நிண்டெண்டோவின் கார்ட்ரிட்ஜ். அதில் இடம் கொஞ்சம். 1997-இல் வந்த 7-ஐச் செய்யும்போது சிடிக்கு மாறுவதற்காகவே பிளேஸ்டேஷனுக்குப் போனார்கள். மூன்று சிடி பிடித்தது. 10-இல் முதன்முறையாகப் பாத்திரங்கள் வாய்திறந்து பேசின. ஆனால் நாயகன் டீடஸின் பெயரை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், கதை முழுக்க யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கவனித்துக்கொண்டே ஆடினால் சிரிப்பு வரும். அதே 10-இல்தான் உலக வரைபடத்தின்மேல் கால்நடையாகச் சுற்றும் பழைய வழக்கமும் போனது. படம் நிஜத்தை நெருங்க நெருங்க, ஒரு மலையைப் பொம்மை அளவில் வைத்து ஒப்பேற்ற முடியாது. ஒவ்வொரு சாலையையும் கட்டியாக வேண்டும்.

அங்கேதான் செலவு ஏறியது, காலமும் நீண்டது. 1987 முதல் 1994 வரை ஆறு பாகங்கள். 13-க்கும் 15-க்கும் நடுவில் ஏழு ஆண்டு, 15-க்கும் 16-க்கும் நடுவில் மறுபடி ஏழு ஆண்டு. (11-உம் 14-உம் இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆடுபவை, உங்கள் டேட்டாவுக்கு ஆகாது, விட்டுவிடுங்கள்.) ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் வாங்கும் கூட்டமே புதிதாக இருக்கும். 1997-இல் பதினைந்து வயதாக இருந்தவருக்கு 7 அசல், 2016-இல் பதினைந்து வயதாக இருந்தவருக்கு 15. மாமா மகனுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அவர் எந்த பாகத்தில் நுழைந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அவர் பக்கம் நின்று சொல்வேன். 16-இல் நீங்கள் இயக்குவது கிளைவ் என்ற ஒரே ஆளை. நாலைந்து பேரைக் கூட்டாக நடத்தும் சுகம் அதில் கிட்டத்தட்ட இல்லை, அது இழப்புதான். விரைவாகச் செயல்பட முடியாதவர்களுக்காகத் தானே தப்பித்துக்கொள்ளும் மோதிரங்களை அதில் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, உங்கள் டெஸ்க்டாப்புக்கு வருவோம். 16-க்கு 170 ஜிபி இடம் வேண்டும். உங்கள் டேட்டாவில் வேறெதுவும் பார்க்காமல் இறக்கினாலும் 85 நாள். இறக்கி முடித்தாலும் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓடாது. எனவே அந்தப் பேச்சே வேண்டாம். 10-உம் 30 ஜிபிக்கு மேல் இருக்கிறது. டவுனில் ஃபைபர் இணைப்பு இருக்கும் நண்பர் வீட்டில் இறக்கி, ஸ்டீமிலேயே இருக்கும் பேக்கப் வசதியால் பென்டிரைவில் எடுத்து வந்துவிடலாம். 6 சின்னது, வீட்டிலேயே ஓரிரு இரவில் இறங்கிவிடும்.

10-ஐ முதலில் சொல்வதற்குக் காரணம், களைத்து வந்து உட்காரும் ஒரு மணி நேரத்துக்கு அந்தக் காத்திருக்கும் சண்டை தோதானது. ஸ்டீம் பதிப்பில் தானே சேவ் ஆகும் வசதி உண்டு, வேகத்தைக் கூட்டலாம், வழியில் திடீர் திடீரென வரும் சண்டைகளை நிறுத்தியும் வைக்கலாம். அந்தக் கடைசி வசதியை அடிக்கடி பயன்படுத்தாதீர்கள், ஆட்கள் வளராமல் போய்ப் பெரிய எதிரி முன்னால் மாட்டிக்கொள்வீர்கள். தொடக்கத்தில், ஆட்களின் திறனை வளர்க்கும் பலகையான ஸ்பியர் கிரிட் எந்த வகை என்று கேட்கும், ஸ்டாண்டர்ட் போடுங்கள். பேச்சு வேகமாக இருந்தால் சப்டைட்டில் கைகொடுக்கும். கதையின் பெரும்பகுதியில் பாதை நேர்கோடாகப் போகும், அதற்காக வெறுத்துவிடாதீர்கள். பிளிட்ஸ்பால் என்ற தண்ணீர்ப் பந்தாட்டம் ஒன்று கட்டாயமாக வரும்; தோற்றாலும் கதை நகரும், மறுபடி தொட வேண்டியதில்லை.

6-இல் பேச்சுக் குரல் கிடையாது. எழுத்து நீங்கள் பொத்தான் அழுத்தும்வரை நிற்கும், அகராதி பார்த்துவிட்டுக்கூட வரலாம். ஸ்டீமில் இருப்பது பிக்சல் ரீமாஸ்டர், அதாவது பழைய கேமை மெருகேற்றிய பதிப்பு. இடம் மாறும்போதெல்லாம் தானே சேவ் ஆகும், எங்கு வேண்டுமானாலும் குவிக் சேவும் போடலாம். கரண்ட் போனால் போகிறது. இதில் ஏடிபி ஓடும் என்பதால், கான்ஃபிக் பகுதியில் சண்டை முறை ‘வெயிட்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஆக்டிவ்’ என்றால் நீங்கள் மந்திரப் பட்டியலைப் படிக்கும்போதும் அடி விழும். ஆடக்கூடிய பாத்திரங்கள் பதினான்கு பேர். எல்லாரையும் சமமாக வளர்க்கப் பார்த்தால் திணறுவீர்கள், ஏழெட்டுப் பேரைத் தேற்றினால் போதும்.

இப்போதைக்குத் தொட வேண்டாதவை 2-உம் 8-உம். 2-இல் லெவலே கிடையாது. வாளால் அடித்தால் வாள் திறன் வளரும், அடி வாங்கினால் உயிர் வளரும். உயிரைக் கூட்ட ஜனங்கள் தங்கள் ஆட்களையே தாங்களே அடித்துக்கொண்டார்கள். 8-இல் நீங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளும் கூடவே ஏறுவார்கள், முட்டி மோதி உழைப்பவர்தான் அதில் அவதிப்படுவார். இரண்டையும் எனக்குப் பிடிக்கும், ஆனால் முதல் ஆட்டமாக யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ரீமேக் முடித்தவர் என்பதால் ரீபர்த்மேல் கண் இருக்கும். உங்கள் கணினியில் அது ஓடாது. அதற்குள் 1997-இன் 7-ஐ ஆடிவிடுங்கள், எந்தக் கணினியிலும் ஓடும், ஆண்ட்ராய்டு போனுக்கும் இருக்கிறது. கட்டம் கட்டமான உருவங்களைப் பார்த்து முதல் அரை மணி நேரம் சிரிப்பு வரும். ரீமேக்கில் சில காட்சிகள் ஏன் வேண்டுமென்றே வேறு மாதிரிப் போயின என்பது அதை ஆடியவர்களுக்குத்தான் பிடிபடும். ரீபர்த் அந்த வித்தியாசத்தை வைத்தே விளையாடுகிறது. அந்தப் பழைய 7-இல் சேவ் செய்யக் குறிப்பிட்ட இடம் வர வேண்டும், அல்லது வெளி உலக வரைபடத்துக்குப் போக வேண்டும். அதனால் அதை மட்டும் டெஸ்க்டாப்பில் வேண்டாம், போனிலேயே ஆடுங்கள்.