வாசகர் கேள்வி – பதில்: ஆறு என்னும் பாடம்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். ஆற்றின் இளநிலை, முதிர்நிலை, மூப்பு நிலை ஆகியவற்றை மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஏன் அப்படி என்று கேட்டால் விழிக்கிறார்கள். பாடத்தை எங்கிருந்து தொடங்கலாம்?
— ஆசிரியை ஒருவர், கரூர் மாவட்டம்

பதில்: மணலிலிருந்து தொடங்குங்கள். ஆறு என்றதும் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆறு தண்ணீரோடு மலையையும் சிறிது சிறிதாக உடைத்துச் சுமந்து வருகிறது. அந்தச் சுமையை எங்கே தூக்குகிறது, எங்கே இறக்குகிறது என்று கவனித்தால், நீங்கள் சொல்லும் மூன்று நிலைகளும் தாமாகவே விளங்கும்.

உங்கள் மாவட்டத்தில், திருமுக்கூடலூரில் அமராவதி காவிரியோடு கலக்கிறது. அங்கிருந்து ஒரு கைப்பிடி ஆற்று மண்ணும், அத்துடன் வயல் வண்டல் ஒரு கைப்பிடியும் எடுத்து, கண்ணாடிப் புட்டியில் நீரூற்றிக் குலுக்கி மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். பருமணல் சில நொடிகளில் அடியில் அமரும். நுண்மணல் சற்றுப் பிந்தும். களிமண் மட்டும் மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். அசைவு குறையக் குறைய எது முதலில் விழுகிறது என்பதை மாணவர்கள் கண்ணால் பார்த்துவிடுவார்கள். இனி வரைபடத்தை விரிக்கலாம். சரிவு மிகுந்த மலைப்பகுதியில் காவிரி பாறையையே குடைகிறது; ஒகேனக்கல்லில் சுழலும் நீரில் கூழாங்கற்கள் உருண்டு உருண்டு குடைந்த குடக்குழிகளை இன்றும் காணலாம். கரூர், திருச்சிப் பகுதியில் சரிவு குறைவதால் ஆறு அகன்று மணலைப் பரப்புகிறது. அதற்கும் கீழே, வேகம் மேலும் தளர்ந்த இடத்தில், கடைசிவரை மிதந்து வந்த வண்டல் படிந்து உண்டானதுதான் தஞ்சை, திருவாரூர், நாகை வயல்கள். இம்மூன்று பகுதிகளும்தான் முறையே இளநிலை, முதிர்நிலை, மூப்பு நிலை.

இதே விதி அணைக்கும் பொருந்தும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் ஓட்டம் நின்றுவிடுவதால், மேலிருந்து வரும் மணலும் வண்டலின் பெரும்பகுதியும் அங்கேயே தங்கிவிடுகின்றன. அணைக்குக் கீழே நாம் அள்ளிவிடும் மணலுக்கு ஈடாகப் புது மணல் முன்போல் வந்து சேருவதில்லை. இதைச் சொல்லாமல் ஆற்றுப் பாடத்தை முடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: சமவெளியில் தடை எதுவும் இல்லாதபோது ஆறு நேராக ஓடாமல் ஏன் வளைந்து வளைந்து செல்கிறது?
— பதினோராம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்

பதில்: கண்ணாடி டம்ளரில் நீரூற்றி, ஊறிய தேயிலைத் தூள் சிறிது போட்டுக் கரண்டியால் சுழற்றிவிட்டுக் கரண்டியை எடுத்துவிடுங்கள். சுழலும் நீர் எதையும் வெளிப்பக்கம்தானே தள்ள வேண்டும்? ஆனால் தூள் முழுவதும் டம்ளரின் அடியில் நட்டநடுவே வந்து குவியும். இதை வைத்தே ஆற்று வளைவுகளை விளக்கி ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1926-இல் ஒரு கட்டுரை எழுதினார்.

நடப்பது இதுதான். சுழலும் நீர் ஓரத்தில் சற்று உயர்ந்து நிற்பதால் அங்கே அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பு நீர் வேகமாகச் சுழல்வதால் அந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்க முடிகிறது. அடிநீரோ தரையில் உரசி வேகம் இழந்திருப்பதால் உள்நோக்கித் தள்ளப்படுகிறது, போகிற போக்கில் தூளையும் இழுத்துச் செல்கிறது. ஆற்று வளைவிலும் இப்படியே, வேகமான மேல்நீர் வெளிக்கரையை மோதி அரிக்க, மெதுவான அடிநீர் மணலை உட்கரைக்கு நகர்த்திப் படியவைக்கிறது. வெளிக்கரை பின்வாங்குகிறது, உட்கரை முன்னேறுகிறது. அதனால் தொடக்கத்தில் மிகச் சிறிதாக இருந்த கோணல்கூட ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிறது. வளைவின் இரு முனைகளும் மிக நெருங்கும்போது ஒரு வெள்ளத்தில் ஆறு குறுக்கே அறுத்துக்கொண்டு நேராகப் போய்விடும். கைவிடப்பட்ட வளைவுதான் உங்கள் புத்தகத்தில் உள்ள குருட்டு ஆறு.

கேள்வி: காவிரியும் கொள்ளிடமும் ஒரே ஆற்றின் இரு கிளைகள்தாமே? இவற்றுக்கு முக்கொம்பில் ஓர் அணை, கல்லணையில் ஓர் அணை என இரண்டு ஏன் தேவைப்பட்டன?
— வாசகர் ஒருவர், திருச்சிராப்பள்ளி

பதில்: ஆறு எப்படி இயங்குகிறது என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடச் சிறந்த பாடம் இல்லை என்பேன். முக்கொம்பில் பிரியும் இரு கிளைகளில் கொள்ளிடம் வடக்கே, குறுகிய வழியில், கூடுதல் சரிவோடு கடலை நோக்கி இறங்குகிறது. சரிவு கூடினால் வேகம் கூடும். வேகம் கூடினால் அடித்தளம் அரிபட்டு ஆழமாகும். ஆழமான வாய்க்குள் இன்னும் அதிக நீர் பாயும். இன்னொரு பக்கம், நீர் குறைந்த காவிரியில் மணல் படிந்து தரை மேடாகும். மேடாக மேடாக நீர்வரத்து மேலும் குறையும். இப்படியே விட்டிருந்தால் காவிரி தூர்ந்து, டெல்டாப் பாசனமே கெட்டிருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பகுதி அந்த அபாயத்தின் விளிம்பில்தான் இருந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கியது இதற்காகத்தான். கட்டிய பிறகு நிலைமை மறுபக்கம் சாய்ந்தது. காவிரிக்குள் நீர் மிகுந்து அதன் அடித்தளம் அரிபடவே, அங்கும் குறுக்கே தடுப்புத் தளம் அமைக்க நேர்ந்தது. ஓரிடத்தில் கைவைத்தால் ஆறு வேறிடத்தில் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதை மாணவர்கள் இங்கே கற்கலாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

கல்லணையின் வேலை வேறு. ஸ்ரீரங்கம் தீவின் கீழ்முனையில் இரு ஆறுகளும் மீண்டும் நெருங்குகின்றன. அங்கே காவிரியின் தரை கொள்ளிடத்தைவிட உயரம். தடுக்காவிட்டால் காவிரி நீர் கொள்ளிடத்தில் வழிந்து கடலுக்குப் போய்விடும். கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணை அதை மறித்து, நீரைக் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் திருப்பிவிடுகிறது.

கேள்வி: அரபிக் கடலுக்கு அவ்வளவு அருகில் பிறக்கும் காவிரி ஏன் கிழக்கே ஓடுகிறது?
— வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: தலைக்காவிரியிலிருந்து மேற்குக் கடற்கரை நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவே. ஆனால் தீபகற்பம் மொத்தமும் கிழக்கு நோக்கிச் சரிந்திருப்பதாலும், மழைநீரை இருபுறமும் பிரித்துவிடும் நீர்ப்பிரி மேட்டின் கிழக்குப் பக்கம் தலைக்காவிரி இருப்பதாலும், ஆறு சுமார் 800 கிலோமீட்டர் பயணம் செய்து வங்கக் கடலை அடைகிறது. மேட்டின் மறுபக்கம் விழும் மழையோ குட்டையான, செங்குத்தான ஆறுகளாக அரபிக் கடலில் இறங்கிவிடுகிறது.

கேள்வி: மாணவர்களை ஆற்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?
— பள்ளி ஆசிரியர், மதுரை

பதில்: நீரோட்டம் குறைந்த மாதத்தைத் தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் படுகை வெளியே தெரியும். வளைவு ஒன்றில் இரு கரைகளையும் ஒப்பிடச் செய்யுங்கள்: ஒன்று செங்குத்தாக வெட்டுப்பட்டிருக்கும், மற்றது மெல்லச் சரியும் மணல்திட்டாக இருக்கும். நீருக்குள் மட்டும் யாரையும் இறங்க விடாதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரிவதில்லை, முழங்கால் நீர் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும். புறப்படுமுன் இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தில் சம உயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளைக் காட்டுங்கள். ஓடையைக் கடக்கும் இடத்தில் அக்கோடுகள் மேல்நோக்கி, அதாவது நீர் வரும் திசையில் வளைந்திருக்கும். இதை அறிந்த மாணவர் உங்கள் வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லையைத் தாமே பென்சிலால் வரைந்துவிடுவார்.