ஹைபிரிட் கார்: பெற்றோல் மிச்சமும் பற்றரிச் செலவும் (வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்)

கிளிநொச்சியில் வாகனத் திருத்தகம் ஒன்றை நடத்திவரும் எனக்கு, அண்மைக் காலத்தில் பெரும்பாலும், பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்களின் பற்றரி வேலையே கிடைக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியதால், என்னிடம் வரும் அக்குவா, பிரியஸ், அக்சியோ போன்றவற்றில் அநேகமானவை பத்து வயதைத் தாண்டியவை. கீழே உள்ள கணக்குகளுக்குப் பெற்றோல் லீற்றர் 300 ரூபா எனவும், புதிய பற்றரித் தொகுதியைப் பூட்டி முடிக்க 5 இலட்சம் ரூபா எனவும் எடுத்துக்கொண்டுள்ளேன். உங்களுக்குச் சொல்லப்பட்ட விலை வேறாக இருந்தால், அந்தத் தொகையை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

ஆசிரியை, பரந்தன்: அண்ணா, நான் நாளாந்தம் புதுக்குடியிருப்புப் பாடசாலைக்குப் போய்வருகிறேன். போக வர எழுபது கிலோமீற்றருக்கு மேல். ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றர் வரும். 2013ஆம் ஆண்டு அக்குவா ஒன்று விலைக்கு வந்துள்ளது. மிச்சமாகும் பெற்றோல் பற்றரிச் செலவை ஈடுசெய்யுமா?

ரீச்சர், இந்தக் கேள்விக்கு ஆண்டுக் கணக்கில் பதில் தேடுவதால்தான் பலர் குழம்புகிறார்கள். கிலோமீற்றர் கணக்கில் பாருங்கள். அதிலும் எந்த வீதியில் ஓடும் கிலோமீற்றர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஹைபிரிட் கார் பெற்றோலை மிச்சப்படுத்துவதற்கு மூன்று வழிகள் உண்டு. பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாகும் சக்தியை மோட்டர் மின்னாக்கிப் பற்றரியில் சேர்க்கிறது. கார் நிற்கும்போதும் ஊரும்போதும் எஞ்சின் அணைந்திருக்கிறது. எஞ்சினும் அற்கின்சன் முறையில், குறைந்த எரிபொருளில் ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நெரிசலான நகரத்தில் மூன்றும் சேர்ந்து வேலைசெய்யும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியில் அறுபது கிலோமீற்றர் வேகத்தில் சீராகப் போகும் உங்களுக்கு முதல் இரண்டும் மிகச் சிறிதளவே கிடைக்கும், மூன்றாவதுதான் கைகொடுக்கும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். நகர ஓட்டத்தில் சாதாரண பெற்றோல் கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றரும் அக்குவா 20 கிலோமீற்றரும் ஓடினால், ஒரு கிலோமீற்றருக்கான செலவு முறையே 25 ரூபாவும் 15 ரூபாவும் ஆகும். மிச்சம் 10 ரூபா. 50,000 கிலோமீற்றரில் பற்றரியின் விலை திரும்பிவிடும். உங்களுடையது போன்ற திறந்த வீதியில் சாதாரண காரே 16 கிலோமீற்றர் தரும், அக்குவா 21 தரும். அப்போது செலவு 18 ரூபா 75 சதம், 14 ரூபா 29 சதம் என்று வர, மிச்சம் நாலரை ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. அதே பற்றரியின் விலையைத் திரும்பப் பெற ஏறத்தாழ 112,000 கிலோமீற்றர் ஓட வேண்டும். உங்கள் ஓட்டத்தில் அது ஏழரை ஆண்டு. இரண்டு கணக்கிலும் பெற்றோலுக்கும் பற்றரிக்கும் ஒரே விலையைத்தான் வைத்தேன். மிச்சத்தை அரைவாசிக்கு மேல் குறைத்தது வீதி ஒன்றே. கொழும்பில் ஓடும் உறவினர் சொல்லும் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான்.

விற்பவர் கேட்கும் விலையையும், அதே வயதுடைய சாதாரண பெற்றோல் காரின் விலையையும் அறிந்து எழுதுங்கள். முடிவான பதில் தருகிறேன்.

வாடகைக் கார் ஓட்டுநர், வவுனியா: நகருக்குள்ளேயே ஓடுகிறேன் ஐயா. ஆண்டுக்கு 30,000 கிலோமீற்றர். பிரியஸ் வாங்கலாமா?

வாங்கலாம். கிலோமீற்றருக்கு 10 ரூபா மிச்சமானால் ஆண்டுக்கு 3 இலட்சம். புதிய பற்றரி இருபது மாதத்தில் தன் விலையைத் தந்துவிடும். பற்றரிக்கான உத்தரவாதப் பத்திரத்தில் வாடகை வாகனங்கள் விலக்கப்பட்டுள்ளனவா என்பதை மட்டும் பணம் கொடுப்பதற்கு முன் வாசியுங்கள்.

அரச அலுவலர், முல்லைத்தீவு: பற்றரி எத்தனை ஆண்டு உழைக்கும்?

என் கைக்கு வந்தவற்றில் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வரை உழைத்தவையே அதிகம். பற்றரியை முழுமையாக நிரம்பவும் முழுமையாகக் காலியாகவும் விடாமல் நடுப்பகுதியிலேயே வைத்திருக்கும்படி காரின் கணினி பார்த்துக்கொள்வதால்தான் அது இவ்வளவு காலம் தாங்குகிறது. அதன் பெரிய எதிரி வெப்பம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கண்ணாடியை மூடி வெட்ட வெளியில் நிறுத்திய காரினுள் பற்றரி எந்த நிலையில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதைக் குளிர்விப்பதற்கு ஒரு சிறிய விசிறி இருக்கிறது. அது பின்னிருக்கைப் பக்கத்திலுள்ள காற்றுவாயால்தான் காற்றை இழுக்கிறது. அந்த வாயை அரிசி மூட்டையாலோ புத்தகப் பையாலோ மறைக்காதீர்கள். எங்கள் செம்மண் புழுதி அந்த விசிறியின் இதழ்களில் களிம்பாகப் படிந்துவிடும்; ஆண்டுக்கு ஒரு முறையாவது கழற்றித் துப்புரவாக்குங்கள்.

கடை உரிமையாளர், மாங்குளம்: அக்குவா பற்றரியின் ஆயுள் எவ்வளவு?

மேலே முல்லைத்தீவு அன்பருக்கு எழுதியதே உங்களுக்கும் பொருந்தும். காற்றுவாயைப் பற்றிய பகுதியை இரண்டு முறை வாசியுங்கள்.

தாதிய உத்தியோகத்தர், மன்னார்: எனது வாகன் ஆர் காரும் ஹைபிரிட் என்கிறார்கள். அதன் பற்றரிக்கும் இவ்வளவு பணம் சேமிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அதிலுள்ளது எஞ்சினுக்கு இடைக்கிடை சிறிது உந்துதல் தரும் மென் ஹைபிரிட் அமைப்பு. முன்னிருக்கையின் கீழே உள்ள சிறிய லித்தியம் பற்றரியே அதற்குப் போதும். அக்குவாவின் 144 வோல்ற்றுத் தொகுதியோடு அதை ஒப்பிடக் கூடாது. அந்தக் காரின் சிக்கனத்துக்குப் பெரும் காரணம் 658 சி.சி. எஞ்சினும் குறைந்த எடையுமே.

விவசாயி, மல்லாவி: மூன்று நாள் நிறுத்தி வைத்த பிரியஸ் இயங்கவில்லை. ஹைபிரிட் பற்றரி போய்விட்டது, 5 இலட்சம் வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார்.

எந்தப் பணமும் கொடுக்காதீர்கள். காரின் கணினிகளுக்கு மின் தருவது பின்பக்கத்தில் இருக்கும் 12 வோல்ற்றுச் சிறிய பற்றரி. அது இறங்கிவிட்டால் பெரிய பற்றரி நல்ல நிலையில் இருந்தாலும் கார் உயிர்பெறாது. முதலில் அதைச் சோதியுங்கள். மாற்றுவதானால் பிரியஸுக்கென வரும், வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாயுள்ள வகையையே பூட்ட வேண்டும்.

திருத்துநர், வவுனியா: அண்ணா, நீங்கள் 5 இலட்சம் என்றே கணக்குப் போடுகிறீர்கள். பழுதான ஒன்றிரண்டு செல்லை மட்டும் மாற்றினால் 40,000 ரூபாவுக்குள் முடிந்துவிடுமே. நான் அப்படிச் செய்து கொடுத்த கார்கள் ஓடுகின்றன.

தம்பி, இதை விரிவாகவே எழுத வேண்டும்.

நாங்கள் செல் என்று சொல்லிப் பழகியது உண்மையில் ஆறு செல்கள் அடங்கிய 7.2 வோல்ற்றுக் கட்டு. மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் அப்படி 28 கட்டுகள் தொடராக இணைந்து 201.6 வோல்ற்றைத் தருகின்றன; அக்குவாவில் 20. தொடரிணைப்பு என்பதால் எல்லாக் கட்டிலும் ஒரே மின்னோட்டம் பாய்கிறது. வலுக் குறைந்த கட்டு மற்றவற்றுக்கு முன்பே காலியாகி, மற்றவற்றுக்கு முன்பே நிரம்பிச் சூடேறும். கட்டுகளுக்கிடையே வோல்ற்று வேறுபாடு கூடியதும் கணினி பி0ஏ80 என்ற பிழைக் குறியைக் காட்டும். நீங்கள் அந்த ஒரு கட்டை மாற்றியதும் கார் ஓடும். ஆயினும் எஞ்சிய 27 கட்டுகளும் அதே வயதில், அதே வெப்பத்தில் உழைத்தவை. அடுத்த பலவீனமான கட்டு, வழமையாகக் காற்றுக் குறைவாகச் செல்லும் நடுப்பகுதியிலிருந்து, தன் முறைக்குக் காத்திருக்கிறது.

நானும் தொடக்க காலத்தில் இதைச் செய்தவன். ஒட்டுசுட்டானிலிருந்து வந்த பிரியஸ் ஒன்றுக்கு இரண்டு கட்டுகளை மாற்றிக் கொடுத்தேன். நான்காம் மாதம் வேறு இரண்டு கட்டுகள் பழுதாகி அது திரும்பி வந்தது. இரண்டாவது வேலையை என் செலவிலேயே செய்தேன். மூன்றாவது முறை அது வந்தபோது உரிமையாளரின் முகத்தைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் 40,000 என்றால் நான்கு முறையில் 160,000. புதிய பற்றரியின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும், கையில் மிஞ்சுவது அதே பழைய பற்றரிதான்.

அதே திருத்துநர்: ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் வருபவர்கள் மாதச் சம்பளக்காரர் அல்லர். காலபோக அறுவடைக்குப் பிறகுதான் அவர்கள் கையில் காசு இருக்கும். புரட்டாதியில் பற்றரி போனவரிடம் 5 இலட்சம் கேட்டால், காரை மரத்தடியில் விட்டுவிடுவார். அவருக்கு என்ன பதில்?

இது நியாயமான கேள்வி. நான் முதலில் எழுதியதில் இதற்கு இடம் வைக்கவில்லை. அறுவடை வரைக்கும் காரை ஓட வைக்கும் இடைக்கால வேலையாகக் கட்டு மாற்றுவதை நானும் ஏற்கிறேன். இரண்டு நிபந்தனைகள் மட்டும் உண்டு. இது இடைக்கால வேலை என்பதை உரிமையாளருக்குச் சொல்லிப் பற்றுச்சீட்டிலும் எழுதுங்கள். அடுத்ததாக, பழுதான கட்டை எடுத்துக் கையில் கிடைத்ததைச் செருகாமல், எல்லாக் கட்டுகளையும் சுமை கொடுத்து அளந்து, பல முறை நிரப்பி இறக்கி, கொள்ளளவு ஒத்தவற்றைச் சேருங்கள். நாட்கணக்கில் எடுக்கும் வேலை அது. அரை நாளில் முடித்துத் தருவோம் என்பவரிடம் யாரும் காரைக் கொடுக்க வேண்டாம்.

கூட்டுறவுச் சங்க எழுதுவினைஞர், முல்லைத்தீவு: இந்த விவாதத்தை வாசித்தேன். எனது காரில் இரண்டு கட்டு பழுது என்றார்கள். திறந்து பார்த்தபோது செப்புத் தகடுகள் பச்சையாக இருந்தன. அவற்றைத் துப்புரவாக்கியதும் குறி வரவில்லை.

கடற்கரைப் பக்கத்துக் கார்களில் இதைக் கவனிக்க வேண்டும். கட்டுகளை இணைக்கும் செப்புத் தகடு உப்புக் காற்றில் களிம்பேறினால், நல்ல கட்டும் பழுதானது போல அளவீட்டில் தெரியும். வவுனியாத் தம்பியும் இதைக் குறித்துக்கொள்ளட்டும்: தகடுகளைத் துடைத்து அளந்த பின்னரே எந்தக் கட்டையும் பழுது என்று சொல்லலாம்.

இளைஞர், விசுவமடு: அப்படியானால் நானே வீட்டில் கழற்றித் துடைக்கலாமா?

வேண்டாம். செம்மஞ்சள் நிற வயர்களில் பாய்வது உயிரைப் பறிக்கும் உயர் வோல்ற்று மின். பயிற்சி பெற்றவர்களே பாதுகாப்புச் செருகியைக் கழற்றிய பின் பத்து நிமிடமாவது காத்திருந்து, காப்புக் கையுறையுடன்தான் தொடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர், கிளிநொச்சி: பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் சொட்டு விட்டு ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். இந்தக் கார்களில் அது முடியுமா?

ஐயா, உங்களைப் போன்றவர்கள் அந்த நாட்களில் நோயாளிகளை ஏற்றி ஓடியதை நான் பார்த்து வளர்ந்தவன். அக்கால எஞ்சின்களின் அமுக்க விகிதம் (எரிவதற்கு முன் எஞ்சினுக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவு) குறைவு என்பதால் அவை மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. அக்குவா எஞ்சினின் அமுக்க விகிதம் 13.4, மண்ணெண்ணெய் கலந்தால் எரிபொருள் முறை தவறி வெடித்துத் தட்டல் ஏற்பட்டு எஞ்சின் கெடும், புகைக் குழாயிலுள்ள வினையூக்கியும் போய்விடும். வீதியோரத்தில் போத்தலில் விற்கும் பெற்றோலையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர், கண்டாவளை: 2018 டிசம்பர் வெள்ளம் போல் மீண்டும் வந்து, வீட்டு முற்றத்தில் நிற்கும் அக்குவாவினுள் தண்ணீர் புகுந்தால்?

அக்குவாவின் பற்றரி பின்னிருக்கையின் கீழே, தாழ்வான இடத்தில் இருக்கிறது. தண்ணீர் வற்றினாலும் காரை இயக்கிப் பார்க்காதீர்கள்; இழுவை வாகனத்தில் ஏற்றித் திருத்தகத்துக்கு அனுப்புங்கள். மழை எச்சரிக்கை வந்ததுமே காரை மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய்விடுவதே நல்லது.

வாசகர், ஓமந்தை: லீசிங் வட்டி எங்கே குறைவு?

எனது துறை அல்ல, வங்கியில் கேளுங்கள்.

வாசகர், நெடுங்கேணி: பற்றரி எத்தனை ஆண்டு உழைக்கும்?

மூன்றாவது முறையாக வரும் கேள்வி. முல்லைத்தீவு அலுவலருக்கு எழுதிய பதிலைப் பாருங்கள். காற்றுவாயை மறைக்காதீர்கள்.

ஆசிரியை, பரந்தன்: அண்ணா, விசாரித்துவிட்டேன். அதே வயதுடைய சாதாரண பெற்றோல் காரைவிட அக்குவாவுக்கு 6 இலட்சம் கூடக் கேட்கிறார்கள். பற்றரி மாற்றப்படவில்லை.

அப்படியானால் பதில் தெளிவாக இருக்கிறது, ரீச்சர். உங்கள் வீதியில் ஆண்டுக்கு மிச்சமாவது ஏறத்தாழ 67,000 ரூபா. அந்த 6 இலட்சத்தை மீட்கவே ஒன்பது ஆண்டு ஆகும். 2013ஆம் ஆண்டுப் பற்றரி அதற்குள் ஒரு முறை மாற்றப்பட்டே தீரும், அதற்கு இன்னும் ஏழரை ஆண்டு. சாதாரண பெற்றோல் காரையே வாங்குங்கள். அக்குவாதான் வேண்டும் என்று மனம் சொன்னால், விற்பவரிடம் பற்றரியின் முழு விலையையும் கழித்துக் கேளுங்கள். அவர் இணங்கினால், பணம் கொடுப்பதற்கு முன் காரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடான நிலையில் ஸ்கேன் செய்து, அந்த அளவீட்டை எனக்கு அனுப்புங்கள்.