மடியில் கனம்

அன்புள்ள ஐயா,

அவசரகால அதிகாரங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எனக்கு ஒப்புதல் இல்லை. குண்டு வைப்பவனைப் பிடிக்க வேண்டுமென்றால் போலீஸ் நாலு பேரை விசாரிக்கத்தான் செய்யும், நாலு போனை ஒட்டுக்கேட்கத்தான் செய்யும். நாம் ஓட்டுப் போட்டு வந்த அரசுதானே, அந்நியன் அரசா? மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை. என் போனை யார் எடுத்துப் பார்த்தாலும் எனக்குக் கவலை கிடையாது. உங்களைப் போன்றவர்கள் எதற்கெடுத்தாலும் ஜனங்களைப் பயமுறுத்துவது ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பழமொழியிலிருந்தே தொடங்குகிறேன். பண முடிப்பை மடியில் கட்டிக்கொண்டு காட்டுவழியே நடந்த காலத்தின் பேச்சு அது. வழியில் இருந்த பயம் வழிப்பறிக்காரன் பயம். மடியில் இருந்த கனமோ ஒருவன் உழைத்துச் சேர்த்த காசு, குற்றம் இல்லை. அந்தப் பழமொழியை அரசுக்குப் பொருத்தும்போது வழிப்பறிக்காரன் இடத்தில் யாரைக் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள் என்று பாருங்கள். அரசைப் பற்றி நானே இவ்வளவு கடுமையாக எழுதியதில்லை.

சரி, கிண்டல் போதும். போர், வெள்ளம், குண்டுவெடிப்பு என்று வந்தால் அரசுக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. காரியம் முடிந்த பிறகு அந்த அதிகாரம் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

எனக்குப் பிடித்த ஒரு வழக்கு உண்டு. 1939இல் போரில் இறங்கியதும் பிரிட்டன் தன் மக்களுக்கு அடையாள அட்டை கொடுத்தது. படைக்கு ஆள் எடுக்க, நாட்டுப் பாதுகாப்புக்கு, ரேஷனுக்கு. நியாயமான காரணங்கள்தான். 1945இல் போர் முடிந்தது, அட்டை முடியவில்லை. 1950 டிசம்பரில் வடக்கு லண்டனில் கிளாரன்ஸ் வில்காக் என்பவரின் காரை நிறுத்திய கான்ஸ்டபிள் ஒருவர், அட்டையைக் காட்டச் சொன்னார். வில்காக் முடியாது என்றார். அப்படியானால் ஸ்டேஷனில் வந்து காட்டுங்கள் என்று ஒரு படிவத்தை நீட்டினார் கான்ஸ்டபிள். வில்காக் அதையும் வாங்கவில்லை. தான் லிபரல் கட்சிக்காரன், இந்த மாதிரி வேலையெல்லாம் தனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்.

மனிதர் உளவாளி இல்லை, கள்ளச்சந்தைக்காரர் இல்லை. மடியில் ஒரு கனமும் இல்லாதவர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சட்டம் இன்னும் உயிரோடு இருப்பதால் அவர் செய்தது குற்றம்தான் என்று 1951இல் தீர்ப்பு வந்தது. ஆனால் தண்டனை கிடையாது. தலைமை நீதிபதி காடர்ட் குற்றவாளிகளிடம் இரக்கம் காட்டுபவர் என்று பெயர் எடுத்தவர் அல்ல, நேர்மாறு. அவரே போலீசைக் கண்டித்தார். போருக்காகப் போட்ட சட்டத்தைப் போர் முடிந்த பிறகும் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பவர்களையே சட்டத்தை மீறுகிறவர்களாக ஆக்கிவிடுவீர்கள் என்றார். 1952 பிப்ரவரியில் அட்டையே ஒழிந்தது.

இதில் நான் கவனிப்பது அந்தக் கான்ஸ்டபிளைத்தான். எந்தக் காரணத்துக்காக வண்டியை நிறுத்தினாலும் அட்டையைக் கேட்பது அப்போது போலீசுக்கு வாடிக்கையாகிவிட்டிருந்தது. கேட்பதற்குச் சந்தேகம்கூடத் தேவைப்படவில்லை. அத்துமீறல் என்றதும் நள்ளிரவில் கதவை உடைத்துக்கொண்டு வருவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் அது கையில் படிவத்தோடு மரியாதையாகத்தான் வருகிறது.

இது பழைய கதை என்பீர்கள். 2015 நவம்பர் 13 அன்று பாரிசில் நடந்த தாக்குதல்களில் 130 பேர் செத்தார்கள். பிரான்ஸ் நெருக்கடி நிலையை அறிவித்தது. யார்தான் வேண்டாம் என்பார்கள்? இரண்டே வாரத்தில், அதே நகரத்தில் நடக்கவிருந்த பருவநிலை மாநாட்டை ஒட்டி, சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் 24 பேரை அதே அதிகாரத்தைக் கொண்டு வீட்டுக்காவலில் வைத்தார்கள். குண்டுக்காரனுக்குப் போட்ட வலை. நெருக்கடி நிலை ஆறு முறை நீட்டிக்கப்பட்டு 2017 நவம்பரில் முடிந்தது. முடியும் முன்பே அதன் முக்கியமான அதிகாரங்கள் சிலவற்றைச் சாதாரணச் சட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள்.

அப்புறம், நம் ஓட்டில் வந்த அரசு என்கிறீர்கள். 1975இல் இந்தியாவில் நெருக்கடி நிலை கொண்டுவந்ததும் 1971இல் அமோகமாக ஓட்டு வாங்கி வந்த அரசுதான். விசாரணை இல்லாமல் சிறையில் கிடந்தவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அந்த மனுக்களை விசாரிக்கலாம் என்றன. விசாரிக்கவே கூடாது என்று அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்று பதில் சொன்னார் அரசின் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசு பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மறுத்து எழுதினார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி அவருக்கு இளையவர் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார், கன்னா ராஜினாமா செய்தார்.

1978இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, நெருக்கடி நிலையிலும் உயிர்வாழும் உரிமையை முடக்க முடியாதபடி செய்தார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 ஆகஸ்ட் வரை ஆனது. தவறு என்று எழுதிய நீதிபதிகளில் ஒருவர் டி.ஒய்.சந்திரசூட். பழைய தீர்ப்பில் அரசு பக்கம் நின்ற நால்வரில் ஒருவர் அவருடைய அப்பா. நல்ல கதைதான். ஆனால் 1976இல் உள்ளே கிடந்தவருக்கு 2017இல் வந்த நியாயத்தால் என்ன லாபம்?

அதிகாரத்தை நாம் ஆளுக்குக் கொடுப்பதில்லை, நாற்காலிக்குக் கொடுக்கிறோம். இன்று அதில் இருப்பவர் உங்களுக்குப் பிடித்தவர், சரி. நாளைக்கு நீங்கள் யார் வரவே கூடாது என்று நினைக்கிறீர்களோ அவர் கையிலும் அதே சட்டம்தான் இருக்கும். அதனால்தான் ஒரு சட்டம் வந்தால் நான் முதலில் பார்ப்பது, அது என்றைக்கு முடியும் என்று எழுதியிருக்கிறதா, இடையில் நீதிபதி ஒருவர் கேள்வி கேட்க முடியுமா என்பதை. குண்டு வைப்பவனைப் பிடிக்க இந்த இரண்டும் தடை இல்லை.

உங்கள் போன் விஷயம். அதில் இருப்பது உங்கள் சமாச்சாரம் மட்டும்தானா? உங்களை நம்பி நண்பர் அனுப்பிய புலம்பல், தங்கையின் ஸ்கேன் ரிப்போர்ட், கடன் கேட்டு யாரோ அனுப்பிய செய்தி எல்லாம் அதில்தானே கிடக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று அவர்கள் சார்பாகவும் சொல்லிவிட்டீர்கள்.

இன்னொன்று. வெளியிட்டால் பெயரைப் போட வேண்டாம், அலுவலகத்தில் தேவையில்லாத பேச்சு வரும் என்று கடிதத்தின் அடியில் தனியாக எழுதியிருந்தீர்கள். போடவில்லை.