எதிர்பார்ப்போடு பார்க்கத் தொடங்கி, கடைசியில் உங்களை ஏமாற்றிய நகைச்சுவைத் துப்பறியும் தொடர் எது? ஏன்?

'மூன்லைட்டிங்'. 1985 மார்ச் முதல் 1989 மே வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஓடிய தொடர். மோசமான தொடர் என்றால் இரண்டு அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டு மறந்துவிடலாம். இதை அப்படி மறக்க முடியவில்லை. தொடக்கத்தில் அவ்வளவு அருமையாக இருந்த ஒன்று கண்ணெதிரே வீணாய்ப் போவதைப் பார்த்த ஆற்றாமை எனக்கு இன்றும் தீரவில்லை.

மேடி ஹேய்ஸ் (சிபில் ஷெப்பர்ட்) புகழ்பெற்ற மாடல். அவளுடைய பணம் முழுவதும் கையாடப்பட்டுவிடுகிறது. மிஞ்சியவற்றில் ஒன்று, வரிக்கணக்கில் நஷ்டம் காட்டுவதற்காக வைத்திருந்த சின்னத் துப்பறியும் நிறுவனம். அதை இழுத்து மூட வருகிறவளைப் பேசிப் பேசியே மடக்கிவிடுகிறான் அந்த நிறுவனத்தை நடத்திவந்த டேவிட் அடிசன் (புரூஸ் வில்லிஸ்). அந்தப் பேச்சுதான் தொடரின் உயிர். ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் தொடங்கிவிடுவார், கதவு அறைந்து சாத்தப்படும், மறுபடி திறக்கும், வாதம் விட்ட இடத்திலிருந்து தொடரும். அமெரிக்க இயக்குநர் சங்கம் இதை ஒரே ஆண்டில் நாடகத் தொடராகவும் நகைச்சுவைத் தொடராகவும் விருதுக்குப் பரிந்துரைத்தது என்றால், எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காத தன்மையைப் புரிந்துகொள்ளலாம். ஓர் அத்தியாயத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள்; அதற்கு முன்னுரை சொன்னவர் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர் ஆர்சன் வெல்ஸ். அவர் இறந்த சில நாட்களில், 1985 அக்டோபரில், அது ஒளிபரப்பானது. இன்னோர் அத்தியாயம் முழுக்க ஷேக்ஸ்பியர் நாடக பாணி. வாராவாரம் வரவேண்டிய ஒரு தொடரில் இவ்வளவு துணிச்சல்!

பிறகு ஏன் சரிந்தது? "இருவரும் காதலில் சேர்ந்துவிட்டார்கள், அதோடு சுவாரசியம் போய்விட்டது" என்று எல்லோரும் சொல்வார்கள். 1987 மார்ச் 31 அன்று வந்த அத்தியாயத்தைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. சேர்ந்த பிறகும் சண்டை போட அந்த இருவருக்கும் ஆயிரம் காரணங்கள் இருந்தன. ஒரு வீட்டில் வாழ்கிறவர்கள் சண்டை போடுவதில்லையா என்ன!

என் பார்வையில், தொடரைக் கெடுத்தது வழக்கைக் கைவிட்டதுதான். இரண்டாம் சீசனில் தப்பிக்கும் வித்தைக்காரர் ஒருவரின் மரணம் பற்றிய வழக்கு வரும். அதை விசாரிக்கும் சாக்கில் கடவுள் உண்டா இல்லையா என்று இருவரும் மோதிக்கொள்வார்கள். டேவிட் நம்புகிறவன், மேடி நம்பாதவள். வழக்கு அவர்களுக்கு வாதிட ஒரு பொருளைக் கொடுத்தது. அந்த வாதத்தின் வழியே அவர்கள் யார் என்பது நமக்குத் தெரிந்தது. துப்பு எளிதாகவே இருக்கும், குற்றவாளியை நாமே ஊகித்துவிடலாம். இருந்தாலும் வழக்கு என்று ஒன்று வேண்டும். அதை எடுத்துவிட்டால் சண்டை சுற்றிச் சுற்றித் தன்னையே தின்கிறது.

நான்காம் சீசனில் நடந்தது அதுதான். ஷெப்பர்ட் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார். வில்லிஸுக்கோ திரைப்பட வாய்ப்புகள் குவிந்தன. அதனால் மேடியைச் சிகாகோவில் இருக்கும் பெற்றோரிடம் அனுப்பிவிட்டார்கள். நாயகி ஓர் ஊரில், நாயகன் வேறோர் ஊரில். நேருக்கு நேர் பேசினால்தான் உயிர்வாழும் தொடரில் இருவரும் ஒரே அறையிலேயே இல்லை! இடைவெளியை நிரப்பும் பொறுப்பு வரவேற்பாளர் ஆக்னஸ் மீதும், எழுத்தர் ஹெர்பர்ட் மீதும் விழுந்தது. இருவருமே நல்ல துணைப் பாத்திரங்கள், ஆனால் முழுத் தொடரையும் தாங்கும் வலு அவர்களுக்கு இல்லை. பிறகு மேடி திரும்பி வரும் வழியில், ரயிலில் சந்தித்த முன்பின் தெரியாத ஒருவரைத் திருமணம் செய்துகொள்கிறாள். அதை எழுதியவர்கள் மேடியை மறந்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றியது. எதையும் கணக்குப் போட்டுச் செய்கிறவள் அவள்.

ஐந்தாம் சீசனின் தொடக்கம் இன்னும் வேதனை. மேடியின் கருவில் இருக்கும் குழந்தையாக வில்லிஸே நடிக்கிறார், ஆடல் பாடலோடு. அதே அத்தியாயத்தில் கரு கலைந்துவிடுகிறது. ஒரு பெண்ணின் அவ்வளவு பெரிய இழப்பைக் கதைச் சிக்கலை அவிழ்க்கும் வசதியாகப் பயன்படுத்தியதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

படப்பிடிப்பில் இருந்த நெருக்கடிகளையும் சொல்லத்தான் வேண்டும். வசனம் மிகுதி, கதை வசனப் பிரதி தாமதமாகும், புதிய அத்தியாயத்துக்குப் பதில் பழையதே மறுபடி வரும். தொடரை உருவாக்கிய கிளென் கார்டன் காரன் பாதியில் விலகினார். 1988இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வேறு. காரணங்கள் நியாயமானவைதாம். ஆனாலும், ஒரு நல்ல வழக்கையும் ஓர் அறையையும் இந்த இருவரையும் வைத்துக்கொண்டு எவ்வளவோ செய்திருக்கலாம்.

இனிமேல் பார்க்க நினைப்பவர்கள் முதல் மூன்று சீசன்களைத் தயங்காமல் பாருங்கள். நான்காவதைத் தாண்டிக் குதித்து, 1989 மே 14 அன்று வந்த கடைசி அத்தியாயத்துக்குப் போய்விடலாம். அதில் தங்கள் தொடர் நிறுத்தப்பட்டுவிட்டது என்று மேடிக்கும் டேவிட்டுக்குமே தெரியவருகிறது. அலுவலக அரங்கை ஆட்கள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய துணிச்சல் அங்கே கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.