கீறல் இல்லை, ரத்தம் வருகிறது

கேள்வி: மகளுக்கு 12 வயது. பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) நெருங்கியதிலிருந்து நெற்றியில் ரத்தம் துளிர்க்கிறது. துடைத்துப் பார்த்தால் கீறலே இல்லை. கண் பட்டுவிட்டது என்கிறார் மாமியார்.
– ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அம்மா, பிள்ளை நடிக்கிறாளோ என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஹெமட்டோஹைட்ரோசிஸ் என்று மிக அரிய நோய் ஒன்று உண்டு. கடும் பதற்றத்தில் வியர்வைச் சுரப்பிகளைச் சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிவதாகக் கருதுகிறார்கள். இத்தாலியில் 21 வயதுப் பெண்ணுக்கு முகத்திலும் உள்ளங்கையிலும் இப்படி வந்ததை மருத்துவர்கள் 2017இல் எழுதினார்கள். இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் மாத்திரையில் ரத்தக் கசிவு குறைந்தது, முழுதாக நிற்கவில்லை.

ஆனால் முதலில் ரத்தம் உறைவதில் கோளாறு இல்லையென்று தெரிய வேண்டும். நாளைக்கே பாலிகிளினிக் போங்கள். அடுத்த முறை துடைப்பதற்கு முன் கைப்பேசியில் படம் எடுங்கள்; டாக்டர் முன்னால் ரத்தம் வராமல் போகலாம். மாமியார் சுற்றிப் போடட்டும், தவறில்லை. அப்புறம், டியூஷனை ஒரு வாரம் நிறுத்துங்கள்.