மெரோயி பிரமிடுகள்: கேட்டதும் பதிலும்

கே: மெரோயி எங்கே இருக்கிறது?

ப: சூடானில், கார்ட்டூமுக்கு வடகிழக்கே சுமார் 200 கி.மீ. தள்ளி, நைலின் கிழக்குக் கரையில். குஷ் என்ற பண்டைய அரசின் தலைநகர். நகரம் ஆற்றோரம், பிரமிடுகள் அதற்குக் கிழக்கே மணற்கல் மேடுகளில்.

கே: பிரமிடுக்குள் புதையல் அறை எந்த உயரத்தில் இருக்கும்?

ப: பிரமிடுக்குள் இல்லவே இல்லை, தரைக்குக் கீழே. முதலில் கிழக்கிலிருந்து பாறையைக் குடைந்து படிக்கட்டு இறக்குவார்கள். அதன் முடிவில் அறைகள், அரசருக்குப் பெரும்பாலும் மூன்று. அடக்கம் முடிந்ததும் படிக்கட்டு மூடப்படும். பிரமிடு அதற்கு மேலே எழும். கிழக்கு முகத்தில் சிறிய வழிபாட்டு அறை இருக்கும். 1834இல் ஃபெர்லினி என்ற இத்தாலியர் அரசி அமானிஷகேட்டோவின் பிரமிடை உச்சியிலிருந்து இடித்தார். அதில் எடுத்த நகைகள் இன்று பெர்லினிலும் மியூனிக்கிலும். அவை மேலே ஓர் அறையில் கிடைத்தன என்று அவர் சொன்னதுதான் இந்தக் கதைக்கு வேர். அதே பிரமிடு முழுதாக நின்றதை 1820களில் பிரெஞ்சுப் பயணி கையோ வரைந்து வைத்திருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்தால் வயிறு எரியும்.

கே: எகிப்தியர்கள் கட்டியதா?

ப: இல்லை. குஷ் அரசர்களும் அரசிகளும் தங்களுக்காகக் கட்டிக்கொண்டவை.

கே: ஏன் இவ்வளவு செங்குத்து?

ப: நல்ல கேள்வி. சரிவு 70 பாகை அளவில். கீசாவின் பெரிய பிரமிடில் 52க்குள். இங்கே பல காலம் சீரமைப்புப் பணி செய்த ஹிங்கெலின் விளக்கம் இது: நடுவில் ஒரு கம்பம், அதில் நம் கிணற்று ஏற்றம் போன்ற பாரந்தூக்கி. அதன் கை எட்டும் தூரத்துக்குள்தான் கல்லை வைக்க முடியும். அதனால் அடி குறுகியது, சரிவு கூடியது.

கே: ஏற்றத்தால் 30 மீட்டர் உயரத்துக்குக் கல் ஏறுமா? சாய்தளம்தான் போட்டிருப்பார்கள்.

ப: ஏற்றம் தரையில் நின்றதாக நினைக்கிறீர்கள். கட்டடத்தோடு அதுவும் உயர்ந்தது. ஒரு தூக்கில் சில வரிசை ஏறினால் போதும். கல்லும் சிறியது.

கே: இருந்தாலும் சாய்தளம்...

ப: எங்கே போடுவீர்கள்? வடக்கு இடுகாட்டில் பிரமிடுகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. நடுக்கம்பத்தின் மர எச்சம் கிடைத்திருக்கிறது. ஒரு வழிபாட்டு அறைச் சுவரில் கீறிய கட்டட வரைபடமும் உண்டு. அதில் சரிவு சுமார் 72 பாகை. சாய்தளத்துக்கு இப்படி ஒரு சான்று காட்டுங்கள், பேசலாம்.

கே: பிரமிடுகள் ஏன் சிதைகின்றன?

ப: செதுக்கிய கல் வெளி உறைக்கு மட்டும்தான், உள்ளே கல்லும் மண்ணும் கொட்டிய நிரப்பு. உறை திறந்தால் நிரப்பு சரியும். மேலே பூசியிருந்த சாந்து போய்விட்டதால் காற்றோடு வரும் மணல் மணற்கல்லை நேராக அரிக்கிறது. தயவுசெய்து மேலே ஏறாதீர்கள். ஒரு கல் பெயர்ந்தாலும் அதன் பின்னால் இருப்பது இறங்கும்.

கே: எகிப்திய அரசர்கள்தானே...

ப: மூன்றாவது பதில்.

கே: குஷ் மக்களின் எழுத்தைப் படிக்க முடியுமா?

ப: வாசிக்கலாம். 23 குறிகளின் ஒலியை பிரிட்டிஷ் எகிப்தியவியலாளர் கிரிஃபித் 1911 வாக்கில் கண்டுபிடித்துவிட்டார். போதிய நீளமுள்ள இருமொழிக் கல்வெட்டு இல்லாததால் பொருள்தான் பெரும்பாலும் பிடிபடவில்லை. பெயர், பட்டம், படையல் வாசகம் வரை புரிகிறது.

கே: உச்சி அறையை ஸ்கேன் செய்து பார்த்தால்?

ப: தரைக்குக் கீழே. இரண்டாவது பதில்.